யூரின் பையும் இருபத்து நான்கு மணி நேரமும்

ஊரே முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஒரு பொருளை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து உற்றுப் பார்ப்பதுதான் எங்கள் தொழில். திருப்பூரில் ஒரு தனியார் லேபில் பதினாறு வருஷமாக இருக்கிறேன். கல்ச்சர் பிரிவு என்னுடையது. சிறுநீரில் ஒரு துளியை எடுத்து, கிருமிக்குப் பிடித்த தீனி நிரப்பிய தட்டில் இழுத்துவிட்டு, உடம்புச் சூட்டில் ஒரு நாள் வைத்திருந்தால், மறுநாள் எது முளைத்திருக்கிறது என்று தெரியும். அது எந்த மருந்துக்குச் சாகும் என்று தெரிய இன்னும் ஒரு நாள்.

இதில் சிறுநீர் இறங்குவதற்கு டியூப் போட்ட நோயாளிகளின் மாதிரி வந்தால் எனக்கு அப்போதே கவலை பிடித்துக்கொள்ளும். மற்றவர்கள் டப்பாவோடு உள்ளே போய் டப்பாவோடு வெளியே வந்துவிடுவார்கள். இவர்களுக்கு அப்படி இல்லை. யாரோ ஒருவர் குழாயிலிருந்து எடுக்க வேண்டும், யாரோ ஒருவர் கொண்டுவர வேண்டும், நடுவில் எந்த இடத்தில் வேண்டுமானாலும் தப்பு நடக்கலாம். அந்தத் தப்பு என் தட்டில் கிருமியாக முளைத்து நிற்கும். உங்கள் வீட்டுக் கட்டில் ஓரத்திலும் ஒரு பை தொங்கிக்கொண்டிருந்தால், அதில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று எழுந்ததும் முதலில் போய்ப் பார்க்கிறவர் நீங்கள் என்றால், நீங்களும் நானும் ஒரே கட்சி. இந்தச் சம்பவங்கள் உங்களுக்காகத்தான்.

மடியில் வைத்துக் கொண்டுவந்தது

தாராபுரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து ஐம்பது வயசு மதிக்கத்தக்க ஒரு விவசாயி வந்தார். அவருடைய அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு மாதமாக டியூப். இரண்டு நாளாகக் காய்ச்சல். டாக்டர் கல்ச்சர் எழுதிக் கொடுத்திருந்தார். மனிதர் ஈரத்துணி சுற்றிய ஒரு தண்ணீர் பாட்டிலை மஞ்சள் பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தார். பாட்டிலைச் சுத்தமாகக் கழுவி, வெந்நீர் ஊற்றி அலசி, அதற்கப்புறம்தான் யூரின் பையின் அடித்திருகைத் திறந்து பிடித்ததாகச் சொன்னார். அவ்வளவு அக்கறையாகக் கொண்டுவந்ததை நான் வாங்க முடியாது என்று சொல்ல வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே மாதிரி ஒன்றைப் பாவம் பார்த்து வாங்கிவிட்டேன். பையில் காலையிலிருந்து தேங்கிக் கிடந்த சிறுநீர் அது. மூன்று வகைக் கிருமி முளைத்தது. அந்த நோயாளிக்கு ஒத்துக்கொண்டிருந்த மருந்தை மாற்றி எழுதுகிற அளவுக்குப் போய், நல்லவேளையாக எங்கள் லேபின் டாக்டரம்மா பார்த்து நிறுத்தினார். அன்றிலிருந்து பையில் பிடித்ததை நான் வாங்குவதில்லை. குழாயை இருபது நிமிஷம் அடைத்து வைத்து, மாதிரி எடுக்கிற இடத்தை ஸ்பிரிட்டால் துடைத்து, புது ஊசியால் உறிஞ்சியதாக இருக்க வேண்டும். இதையெல்லாம் அவரிடம் பேப்பரில் படம் போட்டுக் காட்டினேன். அவர் ஊர்ப் பக்கத்துக் கிளினிக் நர்ஸுக்கு என் போனிலேயே பேசி, மறுநாள் காலையில் முறைப்படி எடுத்து ஐஸ் வைத்து அனுப்ப ஏற்பாடு செய்தேன். அவர் கோபித்துக்கொண்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். பாட்டிலைத் திரும்பத் துணியில் சுற்றிக்கொண்டே சொன்னார்:

"பஸ்ஸுல பக்கத்துல உக்காந்திருந்தவரு மடியில என்னங்க, இளநியான்னு கேட்டாருங்க. ஆமாங்கன்னு சொல்லிப்போட்டனுங்க. இப்ப இத எங்க கொண்டுபோயி ஊத்தறதுன்னு, அதையும் நீங்களே சொல்லிருங்க மேடம்."

ஊதா நிறம்

ஒரு டையிங் மாஸ்டர் போன் செய்தார். துணிக்குச் சாயம் ஏற்றும் வேலையில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவிக்கு இடுப்பெலும்பு முறிந்து இரண்டு மாதமாகப் படுக்கை, டியூப். "பை கலரு மாறிப்போச்சுங்க, நீங்க வந்து பாக்கோணும்" என்றார். சிவப்பாக இருக்கும், ரத்தமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன். கட்டிலுக்குப் பக்கத்தில் தொங்கிய பை நல்ல ஊதா நிறத்தில் இருந்தது. கத்தரிப்பூக் கலர். பையிலிருந்து மேலே போகிற குழாயிலும் ஒரு முழம் வரைக்கும் அதே கலர். இப்படி ஒன்று உண்டு என்று படிக்கிற காலத்தில் புத்தகத்தில் பார்த்ததோடு சரி. போட்டோ எடுத்து டாக்டரம்மாவுக்கு அனுப்பிவிட்டு, அவர் பதிலுக்காக ஹாலில் காத்திருந்தேன்.

மாஸ்டர் என் எதிரில் உட்காரவில்லை. நின்றுகொண்டே இருந்தார். பிறகு தணிந்த குரலில் கேட்டார், "வேலையில இருந்தப்ப என்ற துணியெல்லாம் அவதானுங்க கையில தொவைப்பா. ஒரு நாளைக்கு ஒரு கலரா இருக்கும். அது ஒடம்புக்குள்ள எறங்கி, இத்தன வருஷம் கழிச்சு இப்ப வெளிய வருதுங்களா?" அந்த மனுஷன் முந்தின நாள் ராத்திரி முழுக்க இதை நினைத்துக்கொண்டே கிடந்திருக்கிறார் என்று அவர் கண்ணைப் பார்த்தால் தெரிந்தது. இல்லீங்க என்று சொல்ல எனக்கு ஆசை. ஆனால் தெரியாமல் எப்படிச் சொல்லுவது? அதற்குள் போன் அடித்தது. டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். படுக்கையில் இருந்து மலச்சிக்கல் அதிகமானவர்களுக்கு, குடலில் தேங்குகிற ஒரு பொருள் ரத்தத்தில் கலந்து சிறுநீருக்கு வரும். குழாயில் குடியிருக்கும் சில கிருமிகள் அதை நீலமாகவும் சிவப்பாகவும் மாற்றும். இரண்டும் பிளாஸ்டிக்கில் ஏறினால் ஊதா. பார்க்கத்தான் பயம். டியூபையும் பையையும் மாற்றி, புது டியூபில் மாதிரி எடுத்து, வயிற்றைச் சரிசெய்தால் போகும். சாயத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

நர்ஸை வரவழைத்து டியூப் மாற்றினோம். புது டியூபிலிருந்து ஊசியில் எடுத்தது சாதாரண மஞ்சளாக இருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் அவருக்குக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஊசியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். அப்புறம்தான் நாற்காலியில் உட்கார்ந்தார். கிளம்பும்போது, கழற்றிப்போட்ட பழைய பையைக் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஒரு ஷேடு புடிக்கோணும்னா நாங்க சாயப்பட்டறை லேப்ல நாலஞ்சு வாட்டி முக்கிப் பாப்பமுங்க. அப்பவும் ஒரு பக்கம் தட்டிப்போகும். இவ படுத்த எடத்துலயே ஒரே வாட்டியில ஈவனா ஏத்தியிருக்கறாளுங்க."

கட்டச் சொன்னேன்

ரஞ்சன் ஒடிசாக்காரர், முப்பது வயசுக்குள். ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் பிரிவில் இருந்தார். மாடிப்படியிலிருந்து தவறி விழுந்து முதுகெலும்பில் அடி. நெஞ்சுக்குக் கீழே உணர்வில்லை. அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்த பிகாஷ்தான் பார்த்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் இருந்தபோதே நர்ஸிடம் மாதிரி எடுக்கக் கற்றுக்கொண்டவர். காய்ச்சல் என்று ஒரு நாள் காலையில் போன் செய்தார். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில், குழாயைக் கட்டு, இருபது நிமிஷம் விடு, ஸ்பிரிட் போட்டுத் துடை, ஊசியில் எடு, உடனே கொண்டு வா என்று சொன்னேன். பத்தரை மணிக்கு வந்துவிட்டார். டப்பா மேல் பெயர், நேரம் எல்லாம் எழுதியிருந்தது. படித்த நர்ஸ்கள்கூட இவ்வளவு சுத்தமாகக் கொண்டுவர மாட்டார்கள். பாராட்டிவிட்டு, படிவத்தில் எழுதுவதற்காக எத்தனை மணிக்குக் கட்டினாய் என்று கேட்டேன். ஒன்பது என்றார். ஏனோ வாயில் வந்தது, "கோலா க்யா?" அவிழ்த்தாயா?

பிகாஷ் இல்லை என்று தலையாட்டினார். அவிழ்க்கச் சொல்லவே இல்லை நான். ஒன்றரை மணி நேரமாகக் குழாய் கட்டிக் கிடக்கிறது. ரஞ்சனுக்கு மூத்திரம் முட்டுவதே தெரியாது. ஆனால் உடம்புக்குத் தெரியும். இந்த மாதிரி அடிபட்டவர்களுக்கு உள்ளே சிறுநீர்ப்பை நிரம்பினால் பிரஷர் தாறுமாறாக ஏறி, உயிருக்கே ஆபத்தாகிவிடும் என்று டாக்டரம்மா எங்களுக்கு வகுப்பே எடுத்திருக்கிறார். ரஞ்சனுக்குப் போன் போடு என்றேன். பிகாஷ் தன் சட்டைப்பையிலிருந்து ஒரு போனை எடுத்துக் காட்டினார். தன் போனில் சார்ஜ் இல்லை என்று ரஞ்சனுடைய போனைத்தான் எடுத்துக்கொண்டு வந்திருந்தார்.

அவர்கள் அறைக்குக் கீழ் வீட்டில் வீட்டுக்காரம்மா இருந்தார். அவர் நம்பர் அந்தப் போனில் இருந்தது. நான் பேசினேன். மேலே ஓடிப்போய் அந்தக் குழாயில் கட்டியிருக்கும் துணியை அவிழ்த்துவிடுங்கள், வேறு எதையும் தொட வேண்டாம் என்றேன். அவருக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. "ஆம்பளப் பையன் படுத்திருக்கற ரூமுங்க" என்று தயங்கினார். நான் கெஞ்சினேன். படி ஏறுகிற சத்தம், மூச்சு வாங்குகிற சத்தம், கதவு திறக்கிற சத்தம் எல்லாம் போனில் கேட்டது. பையனுக்கு முகமெல்லாம் செவந்து வேர்த்து ஊத்துதுங்க, தலை வலிக்குதுன்னு கையைக் காட்டறானுங்க என்றார். கவுண்டரில் இருக்கும் இசக்கி என் பின்னால் ஸ்டூலை நகர்த்திவிட்டாள். பனியன் வேஸ்ட் துணியில் போட்ட முடிச்சு, இறுகிப்போயிருந்தது. நகத்தால் எடுக்கிறேன் என்றார் வீட்டுக்காரம்மா. பிகாஷ் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசியில் அந்த அம்மாவின் குரல் வந்தது:

"அவுத்துட்டனுங்க. பையில சலசலன்னு எறங்குது. மூஞ்சியும் தெளியுதுங்க. ஏனுங்க, கட்டச் சொல்லத் தெரிஞ்சவீங்களுக்கு அவுக்கச் சொல்லத் தெரியாதுங்களா?"

பைப்பில் பாசி

பொங்கலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா மாதம் தவறாமல் வருவார். கணவருக்கு நிரந்தரமாக டியூப். காய்ச்சல் இல்லை, வலி இல்லை, மனிதர் கட்டிலில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டு நன்றாகத்தான் இருந்தார். ஆனாலும் அந்த அம்மாவுக்குப் பயம். டாக்டர் கேட்காமலே மாதிரியைக் கொண்டுவந்து கொடுப்பார். ரிப்போர்ட்டில் கிருமி இருக்கிறது என்று வரும். டாக்டரிடம் ஓடுவார். அவர் பார்த்துவிட்டு, தொந்தரவு ஒன்றும் இல்லை, மருந்து வேண்டாம் என்று அனுப்பிவிடுவார். மூன்றாவது மாதம் ரிப்போர்ட்டை என் மேஜை மேல் விரித்து வைத்து, "கிருமி இருக்குதுன்னு நீங்க எழுதறீங்கொ, மருந்து வேண்டாம்னு அவரு சொல்றாரு, நா ஆர நம்பறதுங்க?" என்றார்.

உட்கார வைத்து விளக்கினேன். டியூப் ரொம்ப நாள் உள்ளே இருந்தால் அதன் உள்சுவரில் கிருமி படியத்தான் செய்யும், ஏறக்குறைய எல்லோருக்கும் படியும். காய்ச்சல், குளிர், அடிவயிற்று வலி, குழப்பமான பேச்சு இப்படி ஏதாவது வந்தால்தான் மருந்து. சும்மா மருந்து கொடுத்தால் நிஜமாகவே வேண்டிய நேரத்தில் அந்த மருந்து கேட்காமல் போகும். தோட்டத்தில் போர் பைப்புக்குள் பாசி பிடிக்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் ரிப்போர்ட்டை எட்டாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு சொன்னார்:

"பைப்புல பாசி புடிச்சா ஆருங்க பூச்சிமருந்து அடிக்கறாங்க, பைப்பத்தான் மாத்துவாங்க. இத மொத மாசமே சொல்லியிருந்தீங்கன்னா நானும் வெசனமில்லாம தூங்கியிருப்பனுங்களே."

இரண்டு பழனிசாமி

இதைச் சொல்ல எனக்கு இன்னும் வெட்கம்தான். சொல்லாவிட்டால் மற்றதைச் சொன்னதற்கு அர்த்தமில்லை.

எங்கள் பக்கத்தில் பழனிசாமி என்று கூப்பிட்டால் தெருவில் நான்கு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஒரு திங்கட்கிழமை காலையில் இரண்டு பழனிசாமிகளின் மாதிரி வந்தது. இரண்டு பேருக்கும் எழுபதை ஒட்டிய வயசு, இரண்டு பேருக்கும் டியூப். ஒருவர் டவுனுக்குள் ஒரு ஆஸ்பத்திரியில் இருந்தார். இன்னொருவர் சாமளாபுரத்தில் வீட்டோடு இருந்தார், விசைத்தறி வைத்திருக்கிற குடும்பம். அன்றைக்கு வழக்கத்தைவிட மாதிரி அதிகம். தட்டில் ஸ்டிக்கர் ஒட்டுகிற அந்த ஒரு நிமிஷத்தில், இவருடையதை அவருக்கும் அவருடையதை இவருக்கும் ஒட்டிவிட்டேன். புதன்கிழமை சாயங்காலம் ரிப்போர்ட் போய்விட்டது. டவுன் பழனிசாமிக்குக் கடுமையான கிருமி, இன்ன ஊசி போட வேண்டும். சாமளாபுரம் பழனிசாமிக்குக் கிருமி எதுவும் வளரவில்லை.

வியாழக்கிழமை காலையில் பழைய டப்பாக்களை அப்புறப்படுத்துவதற்காகக் குளிர்பெட்டியைத் திறந்தேன். சாமளாபுரம் டப்பாவைக் கையில் எடுத்ததும் அப்படியே நின்றுவிட்டேன். அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி கலங்கி, அடியில் வண்டல் படிந்திருந்தது. இதிலா ஒன்றும் வளரவில்லை? பக்கத்தில் டவுன் பழனிசாமியின் டப்பா தெளிவாக இருந்தது. நேராக டாக்டரம்மாவின் அறைக்குப் போய், "மாத்திட்டேன் மேடம்" என்றேன். அவர் ஏன், எப்படி என்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை. உடனே டவுன் ஆஸ்பத்திரிக்குப் பேசினார். ஒரு ஊசி போட்டாகிவிட்டது, அடுத்ததை நிறுத்திக்கொள்கிறோம் என்றார்கள். சாமளாபுரத்துக்கு நான் போன் அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நாலு தடவை, அஞ்சு தடவை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். வழியில் என்ன பார்த்தேன், யாரைத் தாண்டினேன் என்று எதுவும் நினைவில் இல்லை. சொல்ல வேண்டிய வாக்கியத்தை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு போனேன்.

அவருடைய மகன் தறிக்கூடத்தில் இருந்தார். போன் எடுக்காத காரணம் வாசலிலேயே புரிந்தது. தறிகள் ஓடுகிற சத்தத்தில் பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. "ரிப்போர்ட் தப்புங்க" என்று கத்தினேன். அவர் காதைக் காட்டினார். மறுபடியும் கத்தினேன். என் முகத்தில் என்ன பார்த்தாரோ, தறிகளை ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டு வந்தார். கடைசித் தறி நின்றதும் வந்த அமைதியில் என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "அப்பாவுக்குக் கிருமி இருக்குதுங்க. வேற ஒருத்தர் ரிசல்ட்ட உங்களுக்குக் கொடுத்துட்டேன். என் தப்புங்க." கிருமி இல்லை என்று வந்ததால் முந்தின நாளே ஊசியை நிறுத்தியிருந்தார்கள். வீட்டுக்குள் போய்ப் பார்த்தால், பெரியவருக்கு இரண்டு கம்பளி போர்த்தியும் குளிர் விடவில்லை. மகனைக் கூப்பிட்டு வேறு யாருடைய பெயரையோ சொல்லிப் பேசிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக் காரில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். சரியான ரிப்போர்ட்டை டாக்டரம்மா அதற்குள் அங்கே அனுப்பியிருந்தார்.

பத்து நாள் கழித்துப் பெரியவர் வீடு திரும்பினார். அந்தப் பத்து நாளும் நான் தினமும் இரண்டு வேளை ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, எப்படி இருக்கிறார் என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். என்னை வேலையை விட்டு அனுப்புவார்கள் என்று நினைத்தேன். டாக்டரம்மா அனுப்பவில்லை. அதற்குப் பதிலாக, பெயரோடு அப்பா பெயர், ஊர், நம்பர் மூன்றையும் இரண்டு பேர் சத்தம் போட்டுப் படித்துச் சரிபார்த்த பிறகுதான் தட்டைத் தொட வேண்டும் என்று ஆக்கிவிட்டார். மகன் ஒரு நாள் லேபுக்கு வந்தார். சண்டை போடத்தான் வந்திருக்கிறார் என்று எழுந்து நின்றேன். புது மாதிரியைக் கொடுக்க வந்தவர் அவர். டப்பாவை என் கையில் கொடுத்துவிட்டு, விடுகிற மாதிரி இல்லாமல் அதைப் பிடித்துக்கொண்டே கேட்டார்:

"எங்க தறியில ஊடை நூலு ஒண்ணு அறுந்தாலும் தறி தானா நின்னுக்குமுங்க. உங்களுதுல அந்த மாதிரி எதும் இல்லீங்களா?"

மூன்றாவது தடவை

எட்டு மாதமாகப் படுக்கையில் இருந்த ஒரு ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியைக்கு மாதிரி எடுக்க வீட்டுக்குப் போனேன். ஒற்றை ஆளாக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது அவருடைய தங்கை. குழாயை அடைத்துவிட்டு நாங்கள் மூவரும் இருபது நிமிஷம் காத்திருந்தோம். இந்த முறை நான் போனில் அலாரம் வைத்திருந்தேன், அவிழ்ப்பதற்கு. மாதிரி எடுத்தேன், அடைப்பை எடுத்தேன், பையில் இறங்குவதை உறுதி செய்துகொண்டேன், பிறகு இன்னொரு தடவையும் பார்த்தேன். வாசல் வரைக்கும் போய்ச் செருப்பு போட்டவள் திரும்பி வந்து மூன்றாவது தடவையும் பார்த்தேன். ஆசிரியை கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தங்கை என்னையே கவனித்துக்கொண்டிருந்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்:

"எங்கக்காவுக்கு ஒண்ணுமில்லீங்க. உங்களுக்குத்தான் பிரஷர் பாக்கோணும் போல இருக்குதுங்க."

எங்கள் வீட்டு டப்பா

கடைசியாக எங்கள் வீட்டுக்கே வந்தது. அப்பா பனியன் கம்பெனியில் டெய்லராக இருந்தவர். ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்து, தண்ணீரும் குடிக்காமல், பாத்ரூமுக்கும் எழுந்து போகாமல் பீஸ் முடித்த மனிதர். புராஸ்டேட் வீங்கி அடைத்துக்கொண்டு, ஆபரேஷன் வரைக்கும் டியூப் போட்டு அனுப்பினார்கள். நான் பக்கத்தில் போனாலே வேட்டியை இழுத்து டியூபை மறைத்துக்கொள்வார். நாலாம் நாள் காய்ச்சல் அடித்தது. மாதிரி எடுக்க வேண்டும் என்றேன். "நீ வேண்டாஞ் சாமி, வேற ஆரையாவது அனுப்பு" என்றார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். பதினாறு வருஷத்தில் எத்தனை பேருக்கு எடுத்திருப்பேன். என் அப்பாவுக்கு எடுக்க எனக்கு அனுமதி இல்லை.

இசக்கி போய் வந்தாள். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். கவுண்டரில் இருந்துகொண்டே பயிற்சி முடித்து, இப்போது வீடுகளுக்குப் போய் மாதிரி எடுக்கிறாள். அப்பாவோடு என்ன பேசினாளோ, மாதிரியோடு வந்துவிட்டாள். தட்டில் இழுத்து உள்ளே வைத்தேன். அதற்கப்புறம் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. சர்க்கரை நோயாளி, வயசு, காய்ச்சல் என்று ஒவ்வொன்றாக மனசு கணக்குப் போட்டது. எந்த மருந்துக்கும் மசியாத கிருமிகளை எத்தனை தட்டில் பார்த்திருக்கிறேன். ஒரு மருந்து வில்லையைச் சுற்றியும் கிருமி செத்த வெற்று வட்டம் விழாமல், தட்டு முழுக்கப் பாய் விரித்த மாதிரி வளர்ந்து நிற்கும். கண்ணை மூடினால் அதுதான் தெரிந்தது. வருகிறவர்களிடமெல்லாம் ஒரு நாள் பொறுங்க, வெசனப்படாதீங்க என்று நான் எவ்வளவு சுலபமாகச் சொல்லியிருக்கிறேன் என்று அன்றுதான் தெரிந்தது.

மறுநாள் காலையில் தட்டை எடுக்க என்னால் முடியவில்லை. டாக்டரம்மாதான் எடுத்தார். கிருமி வளர்ந்திருந்தது. அதற்கு அடுத்த நாள் மருந்து விவரம் வந்தது. சாதாரண மாத்திரைக்கே கேட்கிற சாதாரணக் கிருமி. அவர் தட்டை என் பக்கம் திருப்பி வட்டங்களைக் காட்டினார். பெரிய பெரிய வட்டங்கள். நான் பார்த்தேன், அளந்தேன், அளந்ததைத் திரும்ப அளந்தேன். அதற்குள் இசக்கி மாத்திரை வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். நான் இன்னும் அந்தத் தட்டு முன்னாலேயே உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, ஹெல்மெட்டைக் கழற்றாமலே சொன்னாள்:

"ஏக்கா, ஒங்க அப்பா நல்லாத்தான் இருக்காவ. நீங்க ரெண்டு நாளா ஒழுங்கா சாப்பிடலயாம்லா, அத எந்தத் தட்டுல வச்சுப் பாக்கணும்னு கேக்காவ."

பதினாறு வருஷ அனுபவத்தில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது, கிருமி வளர்வதற்குச் சரியான தீனியும் சரியான சூடும் ஒரு முழு நாளும் வேண்டும், கவலை வளர்வதற்கு டப்பாவின் மூடியைத் திருகுகிற நேரம் போதும் என்பதுதான்.